சிவப்பு ஹெல்மெட்

என் மனைவியின் தம்பி கஞ்சா இழுக்கிறான் என்பது மாமியாரைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை. ஷிப்ட் முடிந்ததும் மில்லுக்குப் பின்னால் நின்று நாலு இழுப்பு இழுத்த பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டியைக் கிளப்புவான். கேட்டால், "தலைவலிக்கு அத்தான்" என்பான்.

நான் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என்றாவது இவன் ஜாமீன் மனுவையும் நானே நகலெடுக்க வேண்டி வருமோ என்று கவலைப்படுவேன். ஆனால் ஊரில் கோமாளி என்று பேர் வாங்கிய நான் தலையில் கை வைத்து உட்கார முடியுமா? அவனைக் கிண்டல் செய்வேன்.

ஒரு நாள் கடைக்கு வந்தவன் குரலைத் தாழ்த்தினான். "அத்தான், எம் பின்னால ஆளு வாரானுவ. நாலு பேரு."

"நாலு பேரு தூக்கிட்டுப் போறதுக்கு இன்னும் நாள் இருக்கு மாப்ள" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

பயம் காட்டினால் பழக்கம் விட்டுப் போகும் என்று எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. என் சொந்த ஆராய்ச்சி. அதற்குத் தேவை என் மொபெட், பக்கத்துக் கடைக்காரரின் சிவப்பு ஹெல்மெட், மூஞ்சியை மறைக்க ஒரு துண்டு. மறுநாள் சாயங்காலம் மில் வாசலிலிருந்து, வண்டி அடையாளம் தெரியாத தூரத்தில், அவன் பின்னாலேயே போனேன். அவன் வேகம் குறைத்தால் நானும் குறைத்தேன். நின்றால் நின்றேன். பாதி வழியில் வண்டியைப் போட்டுவிட்டுக் கண்மாய்க் கரையில் சீமைக்கருவேல முள்ளுக்குள் பாய்ந்துவிட்டான். சட்டை கிழிந்து, குத்தவைத்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தான். நான் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனேன்.

இரண்டு நாள் டீக்கடையில் அதை நடித்துக் காட்டினேன். காதைப் பொத்தும் இடத்தில் நல்ல சிரிப்பு.

மூன்றாம் நாள் அவன் வேலைக்குப் போகவில்லை. ஜன்னலுக்கெல்லாம் செய்தித்தாள் ஒட்டினான். அக்கா கொடுத்தால் மட்டும் சோறு. வாயைத் திறந்தால் சிவப்பு ஹெல்மெட். என் மனைவி அழுதுகொண்டே அவனை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினாள். நானும் கூடப் போனேன்.

மனநல டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு எங்களிடம் சொன்னார்: "கஞ்சா எல்லாருக்கும் இப்படிச் செய்யாது. சிலருக்குச் செய்யும். அந்தச் சிலர் யாருன்னு முன்கூட்டிச் சொல்ல இன்னும் எங்களால முடியல."

காலேஜ் நாளில் செண்பகத்தோப்பில் நான் இழுத்த இரண்டு இழுப்பு எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. முப்பது வருடம் கழித்து எனக்கும் வந்துவிடுமோ என்று பயம் பிடித்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போனேன். பின்னால் காலடிச் சத்தம். திரும்பினால் ஒரு நர்ஸ்.

"எம் பின்னாலயா வாரீக?"

"வார்டுக்குப் போறேன் சார். வழிய விடுங்க. நீங்க நோயாளியா, கூட வந்தவரா?"

வழியை விட்டுவிட்டு உள்ளே வந்தேன். டாக்டரம்மா மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தார். அதை வாங்கிவிட்டால் போதும், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று என் மனைவி அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவன் கையை நீட்டினான். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"அத்தான், நீங்க சொன்னா நம்புதேன். சிவப்பு ஹெல்மெட் நெசமா, இல்லையா?"

இல்லை என்றால் அவன் கண்ணையே பொய்யாக்குகிறேன். ஆமாம் என்றால்? ஊரைச் சிரிக்க வைத்த வாய் உளறிவிட்டது.

"அது நாந்தாம்லே. சும்மா விளையாட்டுக்கு."

மனைவியின் கை அவன் முதுகில் அப்படியே நின்றது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவன் மட்டும் சிரித்தான், பல மாதத்துக்குப் பிறகு, வாய் நிறைய.

"பாத்தியாக்கா? எனக்கு ஒண்ணுமில்ல. நாஞ் சொன்னது அம்புட்டும் நெசம்." சீட்டை மேசைக்கே தள்ளினான். பிறகு சிரிப்பு நின்றது. "மிச்சம் மூணு பேரு யாரு அத்தான்? அவனுவளையும் நீங்கதான் அனுப்புனீயளா?"

இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். டாக்டரம்மாவும் என் மனைவியும் மாதக்கணக்கில் பேசிப் பேசி மாத்திரையை விழுங்க வைத்திருக்கிறார்கள், அதுவும் நான் வீட்டில் இல்லாதபோது. என் மொபெட் சத்தம் கேட்டால் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வான். அதனால் தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருகிறேன். ஹெல்மெட் போடுவதில்லை, போலீசில் இரண்டு முறை மாட்டி அபராதம் கட்டினேன்.

நேற்றும் அப்படித்தான் சத்தமில்லாமல் வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். ஜன்னலில் செய்தித்தாள் கொஞ்சம் விலகியது. உள்ளே அவன் குரல் கேட்டது.

"யக்கா, இப்ப வண்டிய அணைச்சிட்டு வாரான் பாரு."