கணக்கு அறை வாசல் செடி

செடிக்காரருக்கு ஐம்பத்தெட்டு வயது. அலுவலகங்களுக்குத் தொட்டிச் செடிகளை வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்றில் இருபது வருடமாக வேலை. பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று அவர் பொறுப்பு. அத்தனை மாடியிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகள்தான். செவ்வாயும் வெள்ளியும் தள்ளுவண்டியோடு போவார், தண்ணீர் ஊற்றுவார், இலையைத் துடைப்பார், பழுத்ததைக் கிள்ளுவார். அங்கே வேலை பார்த்த ஆயிரம் பேருக்கும் அவர் முகம் தெரியாது. வழி கேட்டால் விடுவார்கள், அதுவும் போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆனால் மனுஷருக்கு ஒரு வித்தை தெரியும். எந்தக் கம்பெனி மூட்டை கட்டப் போகிறது என்று மூன்று மாதம் முன்னாலேயே சொல்லிவிடுவார். பேப்பரும் படிக்க மாட்டார், பங்குச் சந்தை எந்தப் பக்கம் இருக்கிறதென்றும் தெரியாது. கணக்கு அறை வாசலில் இருக்கும் செடியைப் பார்ப்பார், அவ்வளவுதான். வரவேண்டிய பணம் வராதவர்கள்தான் அந்த வாசலில் காத்துக் கிடப்பார்கள். உள்ளே கூப்பிட மாட்டார்கள், கை சும்மா இருக்காது, பக்கத்தில் இருக்கும் இலையைக் கிழிப்பார்கள். ஒரு வாரத்தில் அந்தச் செடி மட்டும் மொட்டையாகிவிட்டால் கம்பெனிக்கு நாள் எண்ணலாம்.

வியாபாரம் எல்லாப் பக்கமும் படுத்த அந்த வருடத்தில் ஐந்து கம்பெனிகளை அப்படிச் சொன்னார், ஐந்தும் போயின. அதில் எட்டாம் மாடிக்காரர்கள் செய்துகொண்டிருந்ததே எந்தக் கம்பெனி விழும் என்று கணித்துச் சொல்லும் மென்பொருள். பாவம், அவர்கள் வீட்டு வாசலில் இலை கிழிந்தது அவர்களுக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் அவர் யாரிடம் சொன்னார்? ஒரே ஒருத்தியிடம். ஆறாம் மாடியில் வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம். நாற்பதை நெருங்கியவள், வீட்டில் படுத்த படுக்கையாய் அம்மா, ஆபீசுக்கு வந்து சேர இரண்டு பஸ். அவர் லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் நிமிர்ந்து பார்த்துக் கேட்பாள்.

"சாப்பிட்டீங்களாண்ணே?"

அவர் மனைவி போய்ச் சேர்ந்து ஏழு வருடம். பிள்ளை குட்டி கிடையாது. ஒற்றை அறையில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். அந்தக் கேள்வி வாரத்துக்கு இரண்டு தரம் அவர் காதில் விழும், மீதி ஐந்து நாளும் அதை வைத்துத்தான் ஓட்டுவார். சாப்பிடாத நாளிலும் "ஆச்சு தங்கச்சி" என்பார். பிறகு பத்து நிமிடம் மேசையோரம் நின்று கதை. இலை வித்தையை அவளுக்கு விளக்கியதும் அப்படித்தான், கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை சீக்கிரமே வந்தவர், ஆறாம் மாடியின் கோடியில் கணக்கு அறை வாசலைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பச்சைப் பசேல் என்று விட்டுப் போன செடி, குச்சியாக நின்றது. தொட்டி மண்ணெல்லாம் இலைத் துணுக்கு. தங்கச்சி இதைப் பார்த்துவிட்டால் வேறு வேலை தேடுவாள், கிடைத்தால் போய்விடுவாள். அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு, யாரும் வருமுன், அந்தத் தொட்டியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். தோல் செருப்பு மாதிரி தடித்த இலைச் செடி, யாராலும் கிழிக்க முடியாது. கட்டடத்திலிருந்து செடியை வெளியே கொண்டுபோகும் சீட்டை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவளும் ஒன்பது மணிக்கு வந்து, வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"அண்ணே, எங்க தெருவுலயே ஒரு டாக்டர்கிட்ட வேலை இருக்கு. மதியம் வீட்டுக்குப் போய் அம்மாவைத் திருப்பிப் படுக்க வச்சிட்டு வரலாம். சம்பளம்தான் கம்மி. இங்க எப்படி? உங்க செடி என்ன சொல்லுது?"

"செடிக்கு என்ன, ஜம்முனு இருக்கு. நீயே போய்ப் பாரேன்."

போய்ப் பார்த்தாள். கிழிசல் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தாள், ஒன்றும் இல்லை. திரும்பி வந்து சிரித்தாள். "அப்போ வேண்டாம்னு சொல்லிடுறேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அடுத்த செவ்வாயும் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வரும், அதற்குள் அவள் "சாப்பிட்டீங்களாண்ணே" என்று கேட்டுவிடுவாள், அவரும் விழுங்கிவிடுவார்.

பதினோரு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை ஆறாம் மாடியை மூடினார்கள். கடைசி மாதச் சம்பளம் யாருக்கும் இல்லை. மறுநாள் தொட்டிகளை எடுத்துப் போக அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். டாக்டரிடம் கேட்டாளாம், இரண்டு மாதம் முன்பே ஆள் போட்டாகிவிட்டதாம்.

"விடுங்கண்ணே, உங்களுக்கும் ஒரு தடவை தப்பாகும்ல" என்றாள். அவருக்குத் தேறுதல் சொன்னாள்.

வண்டி அவளைத் தாண்டும்போது அந்தத் தடித்த இலைச் செடி அவள் கண்ணில் பட்டது. கிழிக்க முடியாதவர்கள் நகத்தால் அழுத்தியிருந்தார்கள். இலை முழுக்கப் பிறை பிறையாக நகக்குறி. அவள் ஒரு விரலால் தடவிப் பார்த்தாள்.

"கணக்கு ரூம் வாசல்ல மெல்லிசு இலைச் செடிதானே இருந்தது? எப்ப மாத்தினீங்க?"

அவள் இழுப்பறையில் கிடந்த பழைய சீட்டுகளைப் புரட்டினாள். தன் கையெழுத்தைக் கண்டாள், தேதியைக் கண்டாள். அவரிடம் கேட்ட வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முந்தியது.

"ஏண்ணே?"

"நீ போயிட்டா இந்தக் கட்டடத்துல என்கிட்ட பேச ஆள் இல்லம்மா."

சொல்லி முடித்தபோது அவருக்கே அது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. அவள் கத்தவில்லை. அன்றைய சீட்டை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள், தொட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள், பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

"டாக்டர்கிட்டப் போயிருந்தாலும் தினம் போன் பண்ணியிருப்பேனே" என்றாள்.

லிஃப்ட் வர நேரமானது. மணி ஒன்றரை, காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லை. வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இன்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. லிஃப்ட் வந்தது. அவள் கேட்கவில்லை.