பாத்தி மிதிக்கும் நடை

என் வீட்டுக்காரரின் நடை மாறியதை முதலில் பார்த்தவள் நான்தான். பார்த்து என்ன பிரயோஜனம்? சிரித்துத் தொலைத்தேன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. மரக்காணத்தில் மழை ஓய்ந்ததும் உப்பளத்தில் முதல் வேலை பாத்தி மிதிப்பது. ஆட்கள் வரிசையாக நின்று, பாதத்தை அதிகம் தூக்காமல், சின்னச் சின்ன அடி வைத்துச் சேற்றைக் கெட்டியாக்குவார்கள். தரை கெட்டியானால்தான் உப்பு வெள்ளையாக விளையும். என் வீட்டுக்காரர் அதில் கெட்டிக்காரர். அவர் வீட்டுக்குள்ளேயும் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்க ஆரம்பித்தபோது, "சிமெண்டு தரையில பாத்தி கட்டப் போறீங்களா?" என்று கிண்டல் செய்தேன். டீக்கடையிலும் அதே பேச்சுதான். உப்பளத்து ஆள் கால் அப்படித்தான் ஆகும் என்றார்கள். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமை.

பிறகு வேட்டி நனைய ஆரம்பித்தது. அறுபதுகூட ஆகாத மனிதர். மகனும் மருமகளும் இருக்கிற வீடு. முதல் முறை அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். அந்த முகத்தை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. கையிலிருந்த சொம்புத் தண்ணீரை அவர் மடியில் கவிழ்த்துவிட்டு, "கை தவறிடுச்சுங்க" என்றேன். அதுவே வழக்கமாகிவிட்டது. நான் கவிழ்ப்பேன், அவர் திட்டுவார். "உன் கையில இன்னா ஓட்டையா?" என்பார். எனக்குக் கைநடுக்கம் என்று மருமகள் நம்பிவிட்டாள். நம்பிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

மறதியும் சேர்ந்துகொண்டது. சாப்பிட்டதை மறந்தார். பேச்சைப் பாதியில் விட்டார். என் சமையலைக் குறை சொல்வதையும் நிறுத்திவிட்டார், அதுதான் எனக்குப் பெரிய பயம். ஒரு மனிதர் வீட்டில் இருந்துகொண்டே இல்லாமல் போவதை யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்த சீசனுக்கு வேலைக்குப் போக வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கஞ்சி எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். பாத்திக்குள் மற்றவர்களோடு சேர்ந்து மிதித்துக்கொண்டிருந்தார். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மிதித்து முடித்ததும் மற்றவர்கள் காலைத் தூக்கி வரப்பில் ஏறினார்கள். இவர் மட்டும் ஏறவில்லை. வரப்பு முழங்கால் உயரம்கூட இல்லை. வரப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார்.

"ஏறுங்க" என்றேன்.

"ஏறத்தான் பாக்குறேன். காலு வர மாட்டேங்குது."

இத்தனை நாளாக நாங்கள் பார்த்தது உப்பளத்து நடையே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, மூளைக்குள் நீர் தேங்கியிருக்கிறது, ஆனால் அழுத்தம் நார்மல் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நார்மல்னா அப்புறம் இன்னாத்துக்கும்மா இவரு இப்பிடி இருக்காரு?" என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார். மூளையில் தினமும் நீர் ஊறும், தினமும் ரத்தத்தில் வடியும். வடிவது மந்தமானால் உள்ளே இருக்கிற நீர் அறைகள் மெல்ல மெல்ல விரியும். மெல்ல விரிவதால், அளந்து பார்த்தால் அழுத்தம் சாதாரணமாகத்தான் காட்டும். ஆனால் நடை, சிறுநீர், ஞாபகம் மூன்றையும் பார்த்துக்கொள்கிற நரம்புகள் அந்த விரிவில் இழுபட்டுப்போகும். பாத்தித் தண்ணீரை வெயில் குடிக்காவிட்டால் வரப்பு உடையாமலே ஊறிப்போகுமே, அந்த மாதிரி என்று புரிந்துகொண்டேன்.

முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்துப் பார்ப்பார்களாம். நடை தேறினால் தலையிலிருந்து வயிற்றுக்கு ஒரு குழாய் வைத்து நீரை வடிக்கலாம். தேறாவிட்டால் ஆபரேஷனை நம்ப முடியாது. இந்த மனிதர் எனக்குத் திரும்பக் கிடைப்பாரா மாட்டாரா என்பது அந்த ஊசியில்தான் இருந்தது.

நீர் எடுத்த அன்று சாயங்காலம் நடக்கச் சொன்னார்கள். நான் வார்டு வாசலுக்கு வெளியே நின்றேன். தேய்த்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். வாசலில் ஒரு படி இருந்தது. அதன் முன்னால் வந்து நின்றார். அவர் காலைத் தூக்கி வைத்து, ஏறி, என் பக்கத்தில் வந்து, "வா, வூட்டுக்குப் போலாம்" என்றார். டாக்டரம்மா முன்னாலேயே அழுதேன்.

குழாய் வைத்தார்கள். எல்லாம் முழுசாகச் சரியாகிவிடவில்லை, சில பெயர்கள் வாய்க்கு வராது. ஆனால் நடை தேறியது, வேட்டி நனையவில்லை. ஒருநாள் குழம்பில் உப்பு பத்தவில்லை என்று முகம் சுளித்தார். கரண்டியால் ஒன்று வைக்கலாமா, கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது எனக்கு.

அந்த வேட்டி விஷயத்தை அவர் மறந்தேபோயிருப்பார் என்று நினைத்திருந்தேன். மறதியால் வந்த ஒரே நல்லது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஒரு மத்தியானம் சோறு போடும்போது நிஜமாகவே கை தவறி, சொம்புத் தண்ணீர் முழுக்க அவர் மடியில் கவிழ்ந்தது. மருமகள் துணி எடுக்க உள்ளே போனாள். அவர் திட்டவில்லை. நனைந்த வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இந்த வாட்டி நான் இல்லம்மே" என்றார்.