மூன்று சாமிக்கும் லீவு

கூட்டத்துக்கு வந்தவர்கள்: இருசப்பன் மாமா, அந்தோணி அண்ணன், காதர் பாய், அஞ்சலை அக்கா, நான். வராதவர்: ஊராட்சித் தலைவரான கம்யூன் மேர். புதுச்சேரியில் கவர்னர் துரை விருந்தாம்!

இடம், பாகூர் ஏரிக்குக் கீழே தூர்ந்து கிடக்கும் எங்கள் கிளை வாய்க்கால். திங்கட்கிழமை மதகு திறப்பார்கள். இருக்கும் மூன்று நாளுக்குள் தூர் எடுக்காவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. கடைமடையில் இருப்பது அஞ்சலை அக்காவின் ஒரே வயல். பயிர் சுருள ஆரம்பித்துவிட்டது.

தூர் எடுப்பதென்றால் ஊரே ஒரே நாளில் கூட வேண்டும். அதுதான் வழக்கம். எந்த நாள்?

"வெள்ளிக்கெழம ஜும்மா இருக்குதே" என்றார் காதர் பாய்.

"சனிக்கெழம அமாவாச. மண்வெட்டியத் தொட மாட்டோம்" என்றார் மாமா.

"ஞாயித்துக்கெழம எங்களுக்குப் பூச" என்றார் அந்தோணி அண்ணன்.

மாமா திரும்பினார். "இன்னாடா, உனக்கும் பூசையா?"

"ஆமா மாமா. கோயிலும் இருக்குது, தேரும் இருக்குது. மணி மட்டும் உங்களுதவிடப் பெருசு!"

போன வாரம் இந்தப் பத்திரிகையில் இதே பத்தியில் நோன்பு, தருமம், திருவிழா என்று ஒப்பிட்டு, எல்லா மதமும் ஒன்றே என்று எழுதியிருந்தேன் அல்லவா? எழுந்து நின்று அதையே முழங்கினேன்.

"உங்க வூட்லயே நீ ஒருத்தன்தான் படிச்சவன். படிச்சத ஒப்பிச்சிட்ட... குந்து!" என்றாள் அக்கா. "மூணு சாமிக்கும் லீவு. என் பயிருக்குத் தாகம் லீவு போடுமா?"

சுருக்கென்றது. அப்போதுதான் உறைத்தது — மூன்றும் ஒன்றாக இல்லாதது எவ்வளவு நல்லது!

"ஒரே நாள் எதுக்கு மாமா? வெள்ளிக்கெழம பாய் ஆளுங்க தொழட்டும், மத்தவங்க வெட்டுவோம். சனிக்கெழம நாம ஒதுங்கிக்குவோம், அவங்க வெட்டட்டும். ஞாயித்துக்கெழம அண்ணன் ஆளுங்க பூசைக்குப் போவட்டும். ஆளுக்கு ரெண்டு நாள் வேல, ஒரு நாள் சாமி!"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். சம்மதம்!

அமாவாசையன்று படையல் முடித்த கையோடு கரையில் வந்து நின்றார் மாமா. "பாய், அங்க இன்னும் ஓரடி!" மண்வெட்டியைத்தான் தொடக்கூடாது... வாயைத் திறக்கக் கூடாதென்று எந்த மதம் சொல்கிறது?

திங்கட்கிழமை, நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் கடைமடை ஏறியது. அக்கா சேற்றில் குதித்து, "வந்துட்டுதுடா!" என்று போட்ட சத்தம் ஏம்பலம் ஊர் வரை கேட்டிருக்கும்.

ஆகவே, போன வாரம் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். மதங்கள் ஒன்றல்ல. ஒன்றாக இருந்திருந்தால் மூன்று நாளும் மூவருக்கும் லீவாகியிருக்கும். வாய்க்காலும் தூர்ந்தே கிடந்திருக்கும்.

மொத்தச் செலவு? மூன்று மதத்தாரும் ஒரே குடத்தில் குடித்த பானகத்துக்கு வெல்லம் — நாலணா.