மொக்கைச்சாமிக்கு எல்லோரும் பாஸ்

"பாஸ், இன்னும் கொஞ்சம் வரலாமா பாஸ்? இங்கிட்டு இடிக்கலையே பாஸ்?"

கழுத்தை வெளியே நீட்டியபடி மொக்கைச்சாமி வண்டியைப் பின்னுக்கு எடுக்கிறார். கேட்பது எலாஸ்டிக் பட்டறையில் லோடு ஏற்றுகிற ஒடிசாக்காரரை. அவருக்குத் தமிழ் வராது, பாஸ் புரியும். வரலாம் என்று கையை ஆட்டுகிறார். வண்டியின் வால் வாசற்படியைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. மொக்கைச்சாமி இறங்கி, வண்டியின் முகத்தில் ஒரு தட்டுத் தட்டி, "சூப்பர் பாஸ்" என்கிறார். அது வண்டிக்கு.

குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டி. துணி ரோலைச் சாயப்பட்டறைக்கும், சாயம் ஏறிய துணியைக் கட்டிங்குக்கும், எலாஸ்டிக்கை ஜட்டி தைக்கிற கம்பெனிக்கும் கொண்டுபோவதுதான் பிழைப்பு. கழுத்தில் எப்போதும் பனியன் வெட்டில் மிஞ்சிய வேஸ்ட் துணி ஒன்று கிடக்கும். எந்தக் கம்பெனியில் அன்றைக்கு என்ன கலர் ஓடுகிறது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். புருவத்தில் கூடப் பஞ்சு.

இங்கிலீஷ்காரனுக்குப் பாஸ் என்றால் முதலாளியாம். திருப்பூரில் எந்த முதலாளியையும் யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர்களுக்கு ஓனருங்க, சாருங்க என்று வேறு மரியாதை இருக்கிறது. பேர் தெரியாதவன்தான் இங்கே பாஸ். பஸ்ஸில் காலை மிதித்தவன் பாஸ், மிதிபட்டவனும் பாஸ். மொக்கைச்சாமியிடம் அது இன்னும் விரிந்துவிட்டது. வாட்ச்மேனிடம் வெட்டிச் சொன்னால் கேட்டைத் திற என்று அர்த்தம். போலீஸ்காரரிடம் இழுத்துச் சொன்னால் இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். சண்டையென்று வந்தால் குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு பாஸ் சொல்வார். அதற்குமேல் பேசாமல் இருப்பது எதிராளிக்கு நல்லது.

உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். குலசாமி பேரை வைத்திருக்கிறார்கள். வந்த புதிதில், தைத்ததில் பழுது பார்க்கிற செக்கிங் ஹாலில் ஒருவர், "ஏனுங்க, பேரு மட்டுந்தான் மொக்கையா, ஆளுமுங்களா?" என்று கேட்க, ஹாலே சிரித்தது. இவர் கோபப்படாமல் "ரெண்டுந்தான் பாஸ்" என்றாராம். அன்றிலிருந்து அவர்களும் இவரைப் பாஸ் என்றே கூப்பிடுகிறார்கள். இவர் ஊரில் அண்ணே, பங்காளி, மாப்ளே என்று எவரையும் ஒரு முறைக்குள் இழுத்துப் போட்டுவிடுவார்கள். எங்கள் பக்கம் ஏனுங்க. வடக்கேயிருந்து வந்தவர்களுக்கு அண்ணன் என்றால் பையா. எல்லோருக்கும் ஒரே சொல் இருந்தால் நாக்குக்கு நல்லது என்பது இவர் கட்சி. பேக்கிங்கில் இருக்கிற ராமாத்தாளையும் ஒருநாள் அப்படிக் கூப்பிட, "இது எந்தூட்டு மொறையுங்க தம்பி?" என்று கேட்டுவிட்டாள்.

அவள் கேட்டது விளையாட்டுக்கு. ஆனால் அந்த முறையில்தான் இவருக்கு முள் இருந்தது.

ரத்தினசாமி எனக்குச் சின்னம்மா மகன். பரம்பரையாகத் தறிக்காரர்; இப்போது எலாஸ்டிக் தறி ஓட்டுகிறார். முன்னால் வீடு, பின்னால் பட்டறை; எனக்கும் அங்கேதான் வேலை. அவர் மகள் கீதாஞ்சலி செக்கிங் வேலைக்குப் போன கம்பெனியில்தான் மொக்கைச்சாமியைப் பார்த்தாள். அப்பன் சம்மதிக்கவில்லை. இருவரும் கோவிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். ரத்தினசாமி சத்தம் போடவில்லை, மகள் பேரை எடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

ஆனால் பட்டறையிலிருந்து எலாஸ்டிக், கம்பெனிக்குப் போயாக வேண்டுமே. கம்பெனி அனுப்புகிற வண்டி மொக்கைச்சாமியின் வண்டி. பின்வாசலில் நிறுத்தி, "பாஸ், லோடு" என்பார். உள்ளேயிருந்து ரத்தினசாமி, "வண்டிக்காரருக்கு டீ குடுங்க" என்பார். மரியாதைக்கு இரண்டு பக்கமும் குறைவில்லை. மாமா என்றால் அவர் முகம் திரும்பும். சார் என்றால் கீதாஞ்சலிக்கு ஆகாது. பாஸ் என்றால் ஒருவருக்கும் வம்பில்லை. இப்படியே வருஷங்கள் ஓடி, பிள்ளை கவினுக்குக் காது குத்துகிற வயதும் வந்தது.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் வேல்குமார் அப்பன் பேச்சைத் தாண்ட மாட்டான். வேற்றாள் மடியில் வைத்துக் குத்தினால், பிள்ளைக்கு அம்மா வழி இல்லையென்று ஊரறியச் சொன்னதாகிவிடும். கீதாஞ்சலி தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்துக் கொடுத்து, வாசல் வரை வந்து சொல்லியனுப்பினாள்.

"ஏனுங்க, எங்கப்பனைப் போயி பாஸுன்னு கூப்புட்டுப் போட்டு வந்தராதீங்க. மொறை சொல்லிக் கூப்புடோணும்."

வழியெல்லாம் மாமா, மாமா என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். வாய் அதில் இருந்தது, கை பழக்கத்தில் இருந்தது. வளைவில் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி, வண்டி பின்வாசலில் போய் நின்றுவிட்டது. நான் அங்கே பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். ஒடிசாக்காரர் எலாஸ்டிக் மூட்டையைத் தூக்கி வந்து வைக்கப் போக, வண்டிக்குள் வெற்றிலைத் தட்டு. விழித்தார். மொக்கைச்சாமி பதறித் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால், எதிரே ரத்தினசாமி.

"பாஸ்..." என்று வந்தது. வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ரத்தினசாமி தட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"லோடு ஏத்தற வாசல்ல தட்டு வாங்கக் கூடாதுங்க. முன்னால வாங்க."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் நடந்தார். மொக்கைச்சாமி சந்து வழியாகச் சுற்றி முன்வாசலுக்குப் போனார். நானும் கட்டினது பாதியில் கிடக்க, பின்னாலேயே போனேன். கீதாஞ்சலியின் அம்மா சாரதாமணி சொம்பில் தண்ணீரோடு வந்து நின்றாள். மருமகன் செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் தடவையாக அந்தப் படியேறினார். பாஸும் வரவில்லை, மாமாவும் வரவில்லை.

"பேரனுக்கு... காது குத்துறோம்ங்க. கதித்தமலை முருகன் கோவில்ல" என்றார். எங்கள் பக்கத்து 'ங்க' அவர் வாயில் கொஞ்சம் இடறியது.

ரத்தினசாமி இரண்டு கையாலும் தட்டை வாங்கி மனைவியிடம் கொடுத்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து, தன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் படிந்திருந்த பஞ்சை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மொக்கைச்சாமி உட்காரும்வரை தானும் உட்காராமல் நின்றார்.