யானைப் பல்லுக்குக் கிடைத்த சாட்சி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணும், ஞாபகமும் தப்பும்; பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே கோத்தகிரி டீக்கடையில், எங்கள் ஊர் வழக்கப்படி பாலில்லாத டீயைச் சாயத்தண்ணி என்று கேட்டால், துணிக்குப் போடுகிற சாயமா என்று சிரிக்கிறார்கள். வந்து இத்தனை வருசமாகியும் கூச்சத்தில் விரலைக் காட்டித்தான் வாங்குகிறேன். "சிலோன்காரம்மாவுக்கு ஒரு டீ!" என்று கத்துவான் கடைக்காரன்.

ராகலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் என்னை யாரும் சிலோன்காரி என்றதில்லை. அங்கே நாங்கள் இந்தியாக்காரர்கள். என் வீட்டுக்காரர் தேயிலை மலையில் மழைத்தண்ணி வடியக் கான் வெட்டும்போது, வரிவரியாக மேடு ஓடிய கறுப்புக் கல் ஒன்று அகப்பட்டது. முனியாண்டிதான் வெளிப்பட்டார் என்று அதை அங்கேயே நட்டு, எண்ணெய் பூசிப் பொட்டு வைத்தார். நாங்கள் கும்பிட்டுவிட்டுத்தான் கொழுந்துக்கு இறங்குவோம். தோட்டத்து மேனேஜர் தொரையைப் பார்க்கக் கொழும்பிலிருந்து வந்த படித்த ஐயா ஒருவர், இது கல்லே இல்லை, இப்போது உலகத்தில் இல்லாத யானையினத்தின் கடைவாய்ப் பல் என்று எடுத்துப் போய்விட்டார்.

"சாமிய ரயில் ஏத்திட்டு வெறும் மண்ணயா கும்பிடப் போற, மச்சான்?" என்று நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயமே அவரைக் கேலி செய்தது.

அடுத்த வருசம் ஐயா திரும்பி வந்தார். அவர் சொன்னதை, எங்களை வேலை வாங்கும் கண்டாக்கய்யா தமிழில் சொன்னார்: "பல்லு மண்ணுல கெடக்கக் கெடக்க, மண்ணுத்தண்ணியில உள்ள உப்பு அதுல ஊறுமாம். மருந்து போட்டு அளந்து பாத்திருக்காரு. எங்கிருந்தோ கொண்டாந்து போட்டதில்லையாம், காலங்காலமா இந்த மண்ணுலயே கெடந்ததாம். தேஞ்சிருக்கிறதப் பாத்தா, அப்ப இங்க பெரிய புல்லுக்காடு இருந்திருக்கணுமாம்."

வீட்டுக்காரர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். எங்கள் பிரஜாவுரிமை மனு அப்போது விசாரணையில் இருந்தது. அவருடைய அப்பா இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். லயத்துக் காம்பிராவில் பிறந்த பிள்ளையை அந்தக் காலத்தில் யார் பதிந்தார்கள்?

"ஐயா, எங்கப்பன் இங்கதாங்க பொறந்தாரு. ஆறாம் நம்பர் மலைக்குக் கீழ பொதைஞ்சிருக்காரு. அவரு எலும்பையும் எடுத்து இப்பிடிப் பாத்து, ஒரு வார்த்த சொல்லுங்க."

கண்டாக்கய்யா தயங்கித்தான் இங்கிலீஷில் சொன்னார். ஐயா அதை வேடிக்கைப் பேச்சென்று எண்ணி வாய்விட்டுச் சிரித்தார். வீட்டுக்காரரின் தோளையும் தட்டினார்.

"ஒங்கப்பன் நேத்துச் செத்த ஆளாம்ப்பா. ஆயிரமாயிரம் வருசம் கெடந்தாத்தான் ஊறுமாம்" என்றார் கண்டாக்கய்யா.

மனு தள்ளுபடியானது. பல் கொழும்பில், இலங்கையின் பல்லாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டது. எங்களைப் பிறகு தலைமன்னாரில் கப்பலேற்றினார்கள்.

வீட்டுக்காரர் இங்கேதான் காலமானார். எரிக்கலாம் என்றார்கள் சொந்தக்காரர்கள். ஆனால் அவர் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார்: "என்னைப் பொதைங்க. இங்கயாவது ஊறட்டும்." இப்போது அப்பன் அந்த மண்ணில், மகன் இந்த மண்ணில்.

மாமனார் கிடப்பது ஆறாம் நம்பர் மலையா, ஏழா என்று எனக்கு இப்போது தடுமாறுகிறது. தலைமாட்டில் ஒரு கல் நட்டிருந்தோம். ராகலைப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது போய்ப் பார்த்து, தப்பிருந்தால் திருத்துங்கள்.