மறைத்து வைத்த மச்சான்

திருமுல்லைவாயிலில் பேனர் டிசைன் கடை வைத்திருக்கிறேன், நானாகக் கற்றுக்கொண்ட தொழில். ஒரு காதுகுத்து பேனரில் உறவுக்காரர் ஒவ்வொருவர் முகத்தையும் தனித்தனி லேயராக அடுக்கியிருந்தேன். குழந்தையின் அப்பா வந்தார்.

"அண்ணாத்தே, என் மச்சான் மூஞ்சிய தூக்கிடு. சண்டை."

"தாய்மாமன் மடி இல்லாம காது எப்படிக் குத்துவீங்க?"

"அத்தத்தான் ஊட்லயும் கேட்டு அழுவுறா. நீ தூக்கு."

நாளைக்கே கூடிக்கொள்வார்கள், நம் ஜனங்களைத் தெரியாதா? அழிக்காமல் அந்த லேயரை மறைத்து மட்டும் வைத்தேன். பெரிதாக அடித்தால் எழுத்து மங்கும் என்று, எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து கூர்மையாக நிற்கும் வெக்டராக ஃபைலை மாற்றினேன். போட்டோவுக்கு அந்த வித்தை பலிக்காது. மாற்றியதில் மறைத்த மச்சானும் வெளியே வந்துவிட்டதைக் கவனிக்காமல் பிரிண்டுக்கு அனுப்பிவிட்டேன்.

காதுகுத்து அன்று காலையில் போன்.

"இன்னா அண்ணாத்தே, நட்ட நடுவுல சிரிச்சிகினு கீறான்!"

பதறி ஓடினேன். தெருமுனையில் பேனரைப் பார்த்துவிட்டு மச்சான் சீர்த்தட்டோடு வந்திருந்தார், இடுப்பில் குழந்தை. அப்பா என் காதைக் கடித்தார்: "நானே ஆசையா போட்டேன்னு சொல்லிக்கீறேன். வாய தொறக்காத."

அதற்குள் மச்சானே என்னிடம் வந்தார்.

"எழுத்தெல்லாம் பளிச்சுனு கீது. என் மூஞ்சி இன்னாத்துக்கு மங்கலா கீது? வேற அடிச்சிக் குடு."