பவர் சப்ளையும் பனிச்சங்கேணி மாப்பிள்ளையும்

அக்கா கம்பியூட்டரைப் பொருத்தப் புறப்பட்ட நாளிலிருந்துதான் எங்கள் வீட்டில் ஒருவர் மீது ஒருவருக்குச் சந்தேகம் வரத் தொடங்கியது.

அதற்கு முன் நாங்கள் தேற்றாத்தீவில் எல்லாரையும் போல ஒரு குடும்பம்தான். அப்பா களுதாவளையில் வெற்றிலைத் தோட்டம் செய்துகொண்டிருந்தார். அக்கா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, ஒரு ஸ்டூடியோவுக்குக் கலியாண வீடியோக்களை வெட்டித் தொகுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் வயதில் இருந்தேன். படித்தேன் என்று சொல்லவில்லை.

பழைய கம்பியூட்டரில் வேலை ஓடவில்லை, புதிதாக ஒன்று வேண்டும் என்று அக்கா கேட்டாள். அப்பா சரி என்றார். ஆனால் அவள் பொருத்தப்போவது கேம் விளையாடும் கம்பியூட்டர் என்பதை யாருக்கும் சொல்லவில்லை. சாமான்கள் வந்து இறங்கியபோது அம்மாவுக்கு முதல் சந்தேகம் வந்தது. பெட்டியின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. சோதித்துப் பார்க்க அவள் கரண்டில் போட்ட விசிறிகளில் பச்சையும் சிவப்புமாக வெளிச்சம்.

"கலியாண வீடியோ வெட்டுறதுக்கு இதுக்குள்ள லைட் எதுக்கு மகள்?"

"சூடு தணியத்தான் அம்மா."

"லைட் போட்டா சூடு கூடுமா, குறையுமா?"

அக்கா ஸ்க்ரூ முறுக்கினாள்.

அநேகமான சாமான்கள் காத்தான்குடியில் ஒரு கடையில் வாங்கியவை. திரையில் படம் ஓட்டும் கிராபிக்ஸ் கார்ட் மட்டும் அப்படியல்ல. வெளிநாடு போகப் புறப்பட்ட ஒரு சிநேகிதியின் அண்ணன் பாவித்ததை அவரிடமிருந்தே வாங்கியது. அதற்குப் பெட்டியும் கிடையாது, பில்லும் கிடையாது. ஒரு பழைய துவாயில் சுற்றி அதை அவள் கொண்டுவந்த விதத்தைப் பார்த்து, பூனைக்குட்டியோ என்று நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்தக் கார்டில் அவளுக்கு உயிர்.

அவளுடைய கவலையெல்லாம் பவர் சப்ளை மீது, அதாவது எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டியின் மீது. காத்தான்குடிக் கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், "தங்கச்சி, உங்கட கார்டுக்கு இது காணாது, கொஞ்சம் பெரிசா எடுங்க" என்று சொன்னாராம். அக்காவுக்கோ கண்ணாடிப் பெட்டியில் கண். பெட்டியைப் பெரிதாக எடுத்து, பவர் சப்ளையைச் சிறிதாக எடுத்துவிட்டாள்.

அந்த வாரமேதான் மாமா கலியாணம் பேசிக்கொண்டு வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பொடியனுக்கு ஊர் வாகரைப் பக்கத்துப் பனிச்சங்கேணி. கட்டாரில் ஏசி மெஷின்கள் திருத்தும் வேலை. சிகரெட்டும் இல்லை, குடியும் இல்லை. மாமா போனில் படத்தைக் காட்டியபோது அக்காவின் ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. "நல்ல பொடியன் புள்ள" என்றார் மாமா. அம்மா எட்டிப் பார்த்து, "முகத்தில ஒரு அமைதி இரிக்கி" என்றாள். அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அக்கா அவர்கள் மூவரையும் ஒருதரம் பார்த்தாள். "ம், சரி" என்றாள். பிறகு எல்லாச் சாமான்களையும் பூட்டும் மதர்போர்ட்டின் மீது குனிந்தாள். கலியாணம் அத்தோடு முற்றாகிவிட்டது. மாப்பிள்ளை லீவில் வந்ததும் மோதிரம் மாற்றுவதென்று ஏற்பாடு.

கம்பியூட்டர் ஓடத் தொடங்கியது. நன்றாகவே ஓடியது. ஆனால் அக்காவுக்கு நிம்மதி போய்விட்டது. விளையாட்டின் நடுவே சட்டென்று நிறுத்தி, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போலப் பெட்டியின் பின்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். மூக்கைக் கொண்டுபோய் மணந்து பார்ப்பாள். விசிறியின் சத்தம் நேற்றுப் போல் இல்லை என்பாள். இன்டர்நெட்டில் யார் யாரோ எழுதியதை வாசித்துவிட்டு, இரண்டு ரேம் மட்டும் போடக்கூடிய போர்ட்டை ஏன் எடுத்தேன் என்று தன்னையே திட்டிக்கொள்வாள். கரண்ட் ஒருதரம் மினுங்கினாலும் எழும்பி நின்றுவிடுவாள்.

அம்மாவின் கண்ணில் பட்டது வேறு. அக்கா காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி யாருடனோ கதைக்கிறாள். கலியாணம் முற்றான பெண்.

"நீ அந்த அறைக்குள்ளேயே இருந்து படி" என்றாள் அம்மா என்னிடம். "என்ன கதைக்கிறா, ஆரோட கதைக்கிறா, எனக்குச் சொல்லு."

எனக்கு அது பரீட்சையை விடப் பிடித்த வேலையாக இருந்தது. கட்டிலில் கடந்தகால வினாத்தாள்களைப் பரப்பிக்கொண்டு குப்புறப் படுத்திருப்பேன். ஒரு நாள் பின்னேரம் அக்கா சொன்ன வார்த்தைகள் அப்படியே என் காதில் விழுந்தன.

"அவசரப்பட்டுட்டன்டி. பாக்க நல்லாத்தான் இரிக்கி. ஆனா தாங்குமோ எண்டு பயமா இரிக்கி. இப்ப மாத்தேலாதா எண்டு கேக்கிறன். பிறகு எல்லாத்தையும் சேத்து எரிச்சுப்போடும்."

நான் வினாத்தாளை மடித்து வைத்துவிட்டுக் குசினிக்கு ஓடினேன். அம்மா கேட்ட மாத்திரத்தில் அடுப்பைத் தணித்தாள். மாமாவுக்கு போன் போனது. மாமா மோட்டார் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடக்கூட மறந்து, அதை மதிலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"என்ன புள்ள, மாப்பிள்ளைய மாத்தப் போறியாம்?"

அக்கா விழித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவள் கண்ணாடிக் கதவைக் கழற்றி, கீழே மூலையில் இருந்த கறுப்புப் பெட்டியொன்றைக் காட்டினாள்.

"இதைத்தான் மாமா சொன்னன். பவர் சப்ளை."

மாமா குனிந்து பார்த்தார். அப்பாவும் குனிந்தார். சிறிது நேரம் எங்கள் வீட்டு ஆண்கள் இருவரும் அந்தப் பெட்டியை மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மாமா சிரிக்கத் தொடங்கினார். அம்மாவும் சிரித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அக்கா சிரித்தாளா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அன்றிலிருந்து அக்கா எதற்குப் பெருமூச்சு விட்டாலும் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பவர் சப்ளை. சாப்பிடாமல் எழும்பினாலும் பவர் சப்ளைதான். ஒரு நாள் தலை வாரும்போது, "அம்மா, நான் சரியா யோசிக்காமச் சொல்லிட்டன் போல இரிக்கி" என்று அவள் தொடங்கினாள். "ஓம் மகள், கடைக்கார நானா அப்பவே சொன்னாரே" என்று அம்மா பின்னலை இறுக்கினாள்.

மாப்பிள்ளை லீவில் வந்தார். தாயையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். படத்தில் பார்த்ததை விட மெலிவு. வெயிலில் கறுத்த கைகள். அதிகம் பேசவில்லை. பலகாரத் தட்டை நீட்டியபோது ஒன்றே ஒன்று எடுத்து, அதையும் நெடுநேரம் கையில் வைத்திருந்தார். பேச்சு அறுந்துபோகும் போல் இருந்த ஒரு நேரத்தில் மாமா, "எங்கட புள்ள தன்ட கையால கம்பியூட்டர் செஞ்சிரிக்கி, போய்ப் பாருங்க" என்றார்.

அக்காவின் அறை வாசல் திரைச்சீலையை முழுதாக ஒதுக்கிக் கட்டிவிட்டார்கள். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அறை தெரிந்தது. அது போதாதென்று அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் வினாத்தாள்களோடு கட்டிலில் ஏறினேன்.

அவர் கதிரையில் உட்காரவில்லை. கண்ணாடி வழியே உள்ளே பார்த்தபடி நின்றார்.

"எல்லாம் நீங்களே தெரிஞ்சு எடுத்ததா?"

"சிலது நான் எடுத்தது. சிலது மத்தவங்க நல்லமெண்டு சொன்னது."

"எடுத்ததுக்குப் பிறகு, வேற எடுத்திருக்கலாமோ எண்டு யோசிச்சீங்களா?"

இதை அவர் சும்மாதான் கேட்டார் என்று நினைக்கிறேன். வேலைத்தலத்தில் மெஷின்களோடு பழகியவர் கேட்கும் கேள்வி. அக்கா கண்ணாடியில் ஒரு விரலை வைத்தாள்.

"அந்தக் கார்ட்" என்றாள். "நடுவில இரிக்கிற பெரிசு."

"பழுதா?"

"இல்ல. நல்ல கார்ட். ஒரு குறையும் சொல்லேலாது. என்ட போர்ட்டுக்கு அது பொருந்தல்ல, அவ்வளவுதான்."

நான் வினாத்தாளிலிருந்து தலையைத் தூக்கினேன். வாரக்கணக்காக ஒட்டுக்கேட்டவள் நான். பவர் சப்ளையைத் திட்டியிருக்கிறாள், போர்ட்டைத் திட்டியிருக்கிறாள், ரேமைத் திட்டியிருக்கிறாள். கார்டைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொன்னதில்லை.

"அப்ப திருப்பிக் குடுக்கலாமே" என்றார் அவர்.

"நான் திருப்பிக் குடுத்தா, உன்னக் கேட்டுத்தானே தந்த, ஓமெண்டுதானே எடுத்த எண்டு எல்லாரும் என்னத்தான் கேப்பாங்க. வீட்டில அப்பாக்கும் தலைகுனிவு."

அவர் இப்போது கம்பியூட்டரைப் பார்க்கவில்லை. அக்காவையும் பார்க்கவில்லை. யன்னலுக்கு வெளியே எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்த உடுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைக்காரர் தானாத் திருப்பி எடுத்தா?"

"அவர் ஏன் எடுக்கோணும்? பிழை அவரில இல்லையே. அவருக்குத்தானே கெட்ட பேர் வரும்."

"வரும்தான்" என்றார். பிறகு, "பொருந்தாத இடத்தில பூட்டி வெச்சா, நல்ல கார்டும் பழுதாத்தான் போகும். கடைக்காரருக்கு அது விளங்கும்" என்றார்.

அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க கோவிக்கல்லையா?" என்று கேட்டாள். கம்பியூட்டர் கதையில் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

"நீங்க பொய் சொல்லல்லத்தானே" என்றார் அவர். பிறகு கூடத்துக்குப் போய், கையில் வைத்திருந்த பலகாரத்தைத் தின்று, தேத்தண்ணீரையும் முழுதாகக் குடித்தார்.

அவர்கள் போனதும் அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்தாள்.

"என்ன கதைச்சவங்க?"

"கம்பியூட்டர்தான் அம்மா. கார்ட் பொருந்தல்லையாம். கடையில திருப்பிக் குடுக்கிற கதை."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "அங்கயும் அதே கதையா" என்றாள். அந்தக் கார்டுக்குக் கடையும் இல்லை, கடைக்காரரும் இல்லை என்பதை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை. அக்கா பொய் சொல்கிறாள், பழைய கார்ட் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் குறைவாக நினைப்பார்கள் என்று மறைக்கிறாள் என்றுதான் எண்ணிக்கொண்டேன்.

அந்தக் கிழமைக்குள்ளேயே மாமாவின் போனுக்குச் செய்தி வந்தது. பொடியனுக்கு இப்போது கலியாணம் வேண்டாமாம். லீவு முடியுமுன்னே கட்டாருக்குத் திரும்புகிறாராம். பெண்ணில் ஒரு குறையும் இல்லை, மனம் மாறியது தனக்குத்தான் என்று தாயிடம் சொல்லிவிட்டாராம். அந்தத் தாய் போனில் அழுததாக மாமா சொன்னார்.

எங்கள் வீட்டில் சந்தேகம் அன்று போல் என்றும் பெருகியதில்லை. பக்கத்து வீட்டு மாமி ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்றாள் அம்மா. அவனுக்குக் கட்டாரில் ஒருத்தி இருக்கிறாள் என்றார் மாமா. மாமா விசாரித்த இலட்சணம் இதுதானா என்பது போல அப்பா மாமாவைப் பார்த்தார். பொருந்தாத கார்ட் வாங்கிய பெண் எப்படிக் குடும்பம் நடத்துவாள் என்று மாப்பிள்ளை பயந்திருப்பார் என்பது என்னுடைய எண்ணம்.

"சொல்லுக்கு நிக்காத பொடியன். இனி வாகரைப் பக்கம் ஒருத்தன் பொண்ணு குடுப்பானா பாப்பம்" என்று மாமா கத்தினார்.

"அவரைப் பிழை சொல்லாதீங்க மாமா."

அக்கா அறை வாசலில் நின்றாள். அத்தனை பேரும் திரும்பினார்கள். அம்மா மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "அவனில ஆசை வெச்சிட்டா போல" என்று கிசுகிசுத்தாள்.

அக்கா இப்போது கொழும்பில் விளம்பரப் படங்களுக்கு அனிமேஷன் செய்யும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறாள். கூட வேலை செய்த ஒருவரைத் தானே கண்டு, தானே வீட்டில் சொல்லி, போன வருடம் கலியாணம் முடித்தாள். பனிச்சங்கேணிக்காரர் கட்டாரிலிருந்து வேறு எங்கோ போய்விட்டதாகக் கேள்வி. ஊரில் அவருக்குக் கிடைத்த பெயரை யாரும் திருத்தவில்லை. அவரைப் பற்றி அக்காவிடம் நானும் கேட்டதில்லை. ஆனால் அந்த அறையில், எங்கள் எல்லோருடைய காதுகளுக்கும் நடுவே, ஒரு பெண் எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்று குறை சொல்லாமல் சொன்னாள் என்பதும், ஒரு மனிதர் அதைக் கேட்டுப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார் என்பதும் இப்போது எனக்குத் தெரியும்.

அன்று தெரியாது. மாமா போனபிறகு அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அக்கா அணைந்திருந்த திரைக்கு முன்னால் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள்கள் குலுங்கின. பக்கத்தில் போய், "வேற நல்ல மாப்பிள்ளை வருவார் அக்கா" என்றேன். அவள் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவளுடைய உடம்பு இன்னும் குலுங்கியது. என் கழுத்து ஈரமானது. விடுபட்டதும் நான் நேரே குசினிக்குப் போனேன்.

"அக்கா நல்லா அழுறா அம்மா" என்றேன். "அவரைத்தான் நினைச்சு."